ஒரு கோப்பிக்கு எவ்வளவு நேரம் உட்காரலாம்? வீவகவுக்கு ஒரு திறந்த மடல்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) கடைக் குத்தகைகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் சிங்கப்பூரின் தோ பாயோவில் வளர்ந்தவன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். 2002இல் உங்கள் தலைமையகம் புக்கிட் மேராவிலிருந்து எங்கள் பேட்டைக்கு இடம் மாறியபோது அப்பாவுக்கு ஏகப் பெருமை. "இனிமே வீவக நமக்கு அண்டை வீடு" என்று கோப்பிக்கடையில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். புகார் கொடுக்க உங்களிடம் படிவம் இருக்கிறது, தெரியும். நான் சொல்ல வருவதற்கு அதில் கட்டம் இருக்காது.

விஷயம் கோப்பிக்கடை பற்றியது. செய்தியில் காப்பிக்கடை என்று எழுதுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். வாயில் வருவது கோப்பிக்கடைதான். இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 75 வயது. வாரத்தில் இரண்டு நாள் காலையில் சந்தைக்குப் போய் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளியிருக்கும் கோப்பிக்கடையில் உட்காருவார். உடன் இரண்டு பேர்: எங்கள் மாடியில் இருக்கும் ஒரு மலாய் மக்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி), ஏழாம் மாடியில் இருக்கும் ஒரு சீன ஆன்ட்டி. மூன்று பேருக்கும் மூன்று கோப்பி, நடுவில் ஒரு தட்டு ரொட்டி. மூட்டு வலி, மருமகள், மீன் விலை என்று ஒரு மணி நேரம் ஓடும். அம்மாவுக்குத் தெரிந்த மலாயும் ஆன்ட்டிக்குத் தெரிந்த மலாயும் ஒன்றல்ல, ஆனால் பேச்சு நின்றதாகத் தெரியவில்லை.

போன மாதம் ஒருநாள் மேசை துடைக்கும் பெண்மணி வந்து ஆன்ட்டியின் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். சரி. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து, அம்மாவின் கோப்பையில் இன்னும் ஒரு வாய் இருக்கும்போதே அதையும் எடுத்தார். மூன்றாம் முறை ஈரத்துணியோடு வந்து, துடைக்காமல், அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, "ஸோரி லா மக்சிக், பாஸ் மரா" என்றார். முதலாளி கோபித்துக்கொள்வாராம். மணி ஒன்பதரை. கடையில் பாதி மேசை காலி. துடைக்க வந்தவருக்கும் அம்மா வயதுதான் இருக்கும்.

அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. மக்சிக்தான் லிஃப்டில் சொன்னார். நான் கேட்டபோது அம்மா, "அவ என்ன பண்ணுவா பாவம்" என்று அந்தத் துடைக்கும் பெண்மணிக்குத்தான் பரிந்து பேசினார். "இனிமே தாபாவ் வாங்கிக்கிட்டு புளோக்குக்குக் கீழேயே உட்கார்ந்துக்கிறோம்." தாபாவ் என்றால் பொட்டலம் கட்டி எடுத்து வருவது.

அதற்காகவா இவ்வளவு பெரிய மடல் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அது அப்பா உட்கார்ந்த கடை. தொண்ணூறுகளில் அது எப்படி இருந்தது என்று சொன்னால்தான் எனக்கு ஏன் சுருக்கென்றது என்று புரியும். உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். இரண்டு பக்கமும் திறந்த மூலைக்கடை. மேலே ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறிகள், கீழே எப்போது பார்த்தாலும் ஈரமான தரை. உள்ளே கோழிச்சோறு, மீன் உருண்டை மீ, ஓரத்தில் கடையநல்லூர்க்காரர் ஒருவரின் பிராட்டாக் கடை. பானங்கள் மட்டும் தவுக்கே கையில். தவுக்கே என்றால் முதலாளி. அவர் ஹைனான் சீனர்.

அவர் கோப்பி கலக்குவதை நான் எத்தனை நாள் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. நீளமான துணிப்பை, நாங்கள் காலுறை என்றே சொல்வோம், அதில் தூள். கொதிநீரை ஊற்றி, மூக்கு நீண்ட ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்தக் காலுறையை மாற்றி மாற்றி வடிப்பார். பச்சைப் பூப்போட்ட தடித்த கோப்பைகள் கொதிநீரில் மிதந்துகொண்டிருக்கும். வெறுங்கையால் ஒன்றை எடுத்து உதறி, அடியில் கெட்டிப்பால் விட்டு, மேலே கறுப்பு டிகாக்‌ஷனை நிறைப்பார். கோப்பை நிறைந்து சாஸரில் கொஞ்சம் வழியும். வழியவில்லை என்றால் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். அப்பா முதலில் சாஸரில் இருப்பதைத்தான் உறிஞ்சுவார்.

கொட்டை ரொபஸ்டா. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுத்தது. கும்பகோணத்திலிருந்து வந்த பெரியப்பா ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "கருகிப்போச்சேடா" என்றார். அப்பா அன்று முழுக்க அவரிடம் சரியாகப் பேசவில்லை.

கேட்பதற்கு என்று தனி மொழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. 'கோப்பி' என்றால் கெட்டிப்பாலோடு. 'ஓ' சேர்த்தால் பால் கிடையாது. 'சி' என்றால் இனிப்பில்லாத டின் பால். 'கோசோங்' சர்க்கரை வேண்டாம், 'சியூ தாய்' சர்க்கரை குறைவு, 'காவ்' கெட்டி, 'போ' நீர்த்தது, 'பெங்' ஐஸ். மைலோவுக்கு 'தாக் கியூ', அதாவது பந்து உதைப்பது. டின்னில் பந்தாட்டக்காரன் படம் இருந்ததால் அந்தப் பெயர். சீன மொழி ஒன்றுகூடத் தெரியாத அப்பா, "கோப்பி ஓ காவ்" என்று ஹொக்கியன்காரர் மாதிரி இழுத்துச் சொல்வார். தவுக்கே பதிலுக்கு, "வணக்கம், சாப்பாடு ஆச்சா?" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

ஒரு கோப்பி ஓ 60 காசு. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் அப்பா எழுவதற்குப் பதினொன்றரை ஆகும். மேசை தனியாக அவருக்கு என்று கிடையாது. இடம் இருக்கும் நாற்காலியில் யாரும் வந்து உட்காரலாம். லாரி ஓட்டும் ஒரு சீனர், அஞ்சல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்க்காரர், ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்த நம் ஆள் ஒருவர். தமிழ் முரசு நாளிதழ் ஒன்றே ஒன்று வரும். பிராட்டாக் கடைக்காரர் முதலில் படித்துவிட்டுத் தருவார், பிறகு அது தாள் தாளாகப் பிரிந்து நாலு மேசைக்குப் போய்விடும். நாலு நம்பர் லாட்டரி முடிவு எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாள் திரும்பி வராது.

இங்கே அப்பாவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோப்பையில் கடைசி ஒரு வாயை அவர் குடிக்கமாட்டார். ஆறி, மேலே ஆடை கட்டி, அப்படியே இருக்கும். ஒருமுறை நான் அதை எடுத்துக் குடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு, "ஒரு வாய் இருக்கிற வரைக்கும் மேசை நம்மளுது" என்றார். மேசை துடைப்பவருக்கும் அது தெரியும். அந்த ஒரு வாய் இருக்கும் கோப்பைமீது அவர் கை போகவே போகாது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

அம்மாவின் கோப்பையை எடுத்தார்கள் என்று மக்சிக் சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு உறைத்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

பேஜர் காலம் அது. தூணில் மாட்டியிருந்த காசு போடும் தொலைபேசிக்கு எப்போதும் இரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். 10 காசுக்கு மூன்று நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் பின்னால் நிற்பவர் சில்லறையைக் கையில் குலுக்குவார். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் மூங்கில் கூண்டில் பறவை கொண்டுவந்து வெளியே மாட்டிவிட்டு, அது பாடுவதைக் கேட்டுக்கொண்டே கோப்பி குடிப்பார்கள். தியோங் பாருவில் அதற்கென்றே பேர்போன கோப்பிக்கடை ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, நாலு கூண்டுதான்.

1994 டிசம்பர் 17, சனிக்கிழமை. ஷா ஆலமில் மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம். முந்தைய ஆண்டு சிங்கப்பூர் கெடாவிடம் 2-0 என்று தோற்ற வயிற்றெரிச்சல் ஊர் முழுக்க இருந்தது. தவுக்கே தொலைக்காட்சிப் பெட்டியை ஐஸ்பெட்டிமேல் ஏற்றி, எல்லா மேசையும் பார்க்கும்படி திருப்பி வைத்தார். எனக்கு 15 வயது. அம்மாவிடம் ட்யூஷன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பஹாங்கை 4-0 என்று அடித்தோம். அப்பாஸ் சாட் மூன்று கோல். மூன்றாவது விழுந்தபோது லாரிக்காரர் என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்திவிட்டார். கீழே பார்த்தால் அப்பா. ட்யூஷனைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மறுநாளும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நாம் அந்தப் போட்டியிலேயே இல்லை, அது வேறு கதை.

சரி, பழையதைப் பேசும்போது வாயில் சர்க்கரை கொஞ்சம் கூடிவிடும். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடை புகை மண்டிக் கிடந்தது. அப்பாவின் சட்டை ஞாயிற்றுக்கிழமை மதியம் சாம்பல் கிண்ணம் மாதிரி நாறும். 2006 ஜூலையில் கோப்பிக்கடைகளில் புகைக்கத் தடை வந்து, புகைப்பவர்களை மஞ்சள் கோடு போட்ட ஓர் ஓரத்துக்குத் தள்ளியபோது ஊரே முணுமுணுத்தது. அம்மா மட்டும் நல்ல காரியம் என்றார். கழிப்பறையைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. சாயங்காலம் பீர் போத்தல்கள் வரிசையாக நிற்கும்.

இன்னொன்று. இவ்வளவு நேரம் நான் சொன்னதில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை, கவனித்தீர்களா? நானும் பல ஆண்டு கவனிக்கவில்லை. கடையில் வேலை செய்த பெண்கள் இருந்தார்கள், கோப்பி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிய பெண் என்று எனக்கு நினைவில் யாரும் இல்லை. அம்மாவுக்கு வேண்டுமென்றால் நான் போய் தாபாவ் வாங்கி வருவேன். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, சிவப்புக் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டித் தருவார்கள். விரலில் மாட்டிக்கொண்டு ஆட்டிக்கொண்டே வந்தால் முழங்காலில் இடித்துச் சுடும். அம்மா அதை அடுப்படியில் நின்றுகொண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். தொண்ணூறுகளின் கோப்பிக்கடை அம்மாவுக்கு அந்தப் பிளாஸ்டிக் பைதான்.

அப்பா 2011இல் போனார். அதற்கப்புறம் இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஒருநாள் மக்சிக்தான் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "டுடுக், டுடுக்" என்று உட்கார வைத்தாராம். அறுபது வயதுக்கு மேல் அம்மா முதன்முதலாகக் கோப்பிக்கடையில் உட்கார்ந்தார். எந்த மேசை என்று கேட்டேன். தூணுக்குப் பக்கத்தில் என்றார். அப்பாவின் மேசை அதற்கு இரண்டு மேசை தள்ளி.

அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் என் கோரிக்கைக்கு வர முடியாது.

அவர் கணினி வட்டு இயக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். 1998இல், ஆசிய நிதி நெருக்கடியில் ஆட்குறைப்பு நடந்தபோது அவர் வேலையும் போனது. அவர் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் கிளம்பி, தொழிற்சாலைச் சட்டையோடு, எங்கள் கடைக்கு வராமல் லோரோங் 8 பக்கம் இருந்த வேறொரு கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்தார். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று. மூன்றாம் நாள் எங்கள் தவுக்கே அந்த வழியாக சைக்கிளில் போனவர் பார்த்துவிட்டார். நின்று, "நம்ம கடைக்கு வா, அங்கே கோப்பி சரியில்லை" என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டுப் போனாராம். மறுநாளிலிருந்து அப்பா எங்கள் கடையின் பின்பக்க மேசையில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். ஆறு வாரம். காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்து வரை.

எப்போது வேலை கிடைக்கும், ஏன் கிடைக்கவில்லை, வீட்டில் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை அந்த மனிதர். ஒவ்வொரு கோப்பிக்கும் காசு வாங்கினார். இதைக் கேட்கிறவர்கள், "ஒரு கோப்பிகூடச் சும்மா கொடுக்கவில்லையா?" என்பார்கள். கொடுத்திருந்தால் அப்பா மறுநாள் போயிருக்கமாட்டார். தவுக்கேக்கு அது தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பி, அதற்கு ஒன்பதரை மணி நேரம் நாற்காலி. இதையெல்லாம் அப்பா எங்களிடம் சொன்னது வேறு வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்துத்தான், சிரித்துக்கொண்டே.

அதே 1998தான் நீங்கள் கோப்பிக்கடைகளை விற்பதை நிறுத்திய ஆண்டு என்று பின்னாளில் படித்தேன். அதற்கு முன் விற்ற கடைகள் விற்றவைதான். இன்று வீவக பேட்டைகளில் இருக்கும் ஏறக்குறைய 770 கோப்பிக்கடைகளில் பாதிக்குச் சற்று மேல் தனியார் கையில் இருக்கின்றன, மீதியை நீங்களே வாடகைக்கு விடுகிறீர்கள். தனியார் கடை எத்தனை கைக்கு மாறினாலும் ஒவ்வொரு கையும் விலையைக் கூட்டித்தான் கொடுக்கிறது. 2022இல் தெம்பனிசில் ஒரு கடை 41.68 மில்லியன் வெள்ளிக்குப் போனது. நானும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பி 1.50 வெள்ளி என்றால் அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 78 லட்சம் கோப்பி விற்க வேண்டும். நாளைக்கு 1,000 கோப்பி என்று வைத்தாலும் 76 ஆண்டு ஆகும். லாபத்தைச் சொல்லவில்லை, கல்லாவில் விழும் காசையே சொல்கிறேன். தூள், பால், சம்பளம், மின்சாரம் எல்லாம் இதற்கு மேல். கோப்பியை மட்டும் நம்பி யாரும் கடை வாங்குவதில்லை, ஸ்டால் வாடகையும் வரும் என்பீர்கள். சரிதான். அந்த வாடகை கோழிச்சோற்றின் விலையில் ஏறும். சோற்றின் விலையை அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. கடைசியில் சுருக்குவதற்கு மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, ஒருவர் உட்கார்ந்திருக்கும் நேரம்.

அதனால்தான் அந்த பாஸ்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் யாரிடமோ வாடகைக்கு எடுத்திருப்பார், அந்த யாரோ வங்கிக்குக் கட்டிக்கொண்டிருப்பார். எங்கள் தவுக்கே இன்று உயிரோடு வந்து அதே வாடகையைக் கட்டினால் அவரும் துணியோடு ஆள் அனுப்புவாரா? மாட்டார் என்று சொல்லத்தான் ஆசை.

1996 டிசம்பரில் ஆர்ச்சர்ட் ரோட்டில் லியாட் டவர்ஸில் ஸ்டார்பக்ஸின் முதல் கடை திறந்தது. நாங்களும் நண்பர்கள் நாலு பேர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனோம். ஒன்று வாங்கி நாலு பேர் குடித்தோம். மெத்தை நாற்காலி, குளிர்சாதனம், யாரும் எழுப்பவில்லை. அப்பாவிடம் விலையைச் சொன்னபோது, "அது கோப்பி விலை இல்லடா, நாற்காலி வாடகை" என்றார். அப்போது சிரித்தோம். எங்கள் கடையில் கோப்பிக்கு விலை இருந்தது, நாற்காலிக்கு இல்லை. இன்று கடைத்தொகுதிகளில் பழைய கோப்பிக்கடை மாதிரியே செட் போடுகிறார்கள். பளிங்கு மேசை, வளைந்த மர நாற்காலி, பச்சைப் பூக்கோப்பை, சுவரில் பழைய சைக்கிள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேசையில் ஒரு சின்ன அட்டை: கூட்ட நேரத்தில் மற்றவர்களுக்கு இடம் கொடுங்கள். சைக்கிளை மாட்டத் தெரிந்தவர்கள் அந்த அட்டையை எடுத்துவிட்டிருந்தால் நான் சைக்கிளைப் பற்றிக் குறையே சொல்லியிருக்கமாட்டேன்.

தட்டைத் திருப்பி வைக்கும் விதியும் இருக்கிறது, கோப்பிக்கடைகளில் 2022 முதல். சுத்தத்துக்கு நல்லதுதான், நானும் வைக்கிறேன். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர் மறுபடி வந்து உட்காருவதில்லை, பார்த்திருக்கிறீர்களா? அது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வேலை, உங்களிடம் சொல்லிப் பயனில்லை. சும்மா சொன்னேன்.

இனி கேட்க வந்தது.

எங்கள் கடை தனியார் கடை. அதற்குள் வந்து இப்படி நடத்து என்று நீங்கள் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும், அதனால் அதற்காகக் கேட்கவில்லை. நீங்கள் வாடகைக்கு விடும் முந்நூற்றுச் சொச்சம் கடைகளுக்காகக் கேட்கிறேன். அந்தக் கடைகளில் மலிவு விலைச் சாப்பாடு இருக்க வேண்டும் என்று 2018 முதல் புதுக் குத்தகைகளில் நிபந்தனை வைத்தீர்கள். 2023 முதல் குத்தகையைப் புதுப்பிப்பவர்களுக்கும் அதை வைத்து, வாடகையில் ஓராண்டுக்கு 5 விழுக்காடு தள்ளுபடியும் கொடுத்தீர்கள். ஏலத்தில் வாடகைத் தொகையை மட்டும் பார்க்காமல் தரத்துக்கும் மதிப்பெண் போடுகிறீர்கள். ஆக, கோப்பிக்கடை என்பது வெறும் வாடகை வரும் இடம் இல்லை என்று உங்களுக்கே தோன்றியிருக்கிறது. நான் கேட்பது அதில் இன்னும் ஒரு வரி.

காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை, மதியம் இரண்டரையிலிருந்து ஐந்து வரை, கூட்டம் இல்லாத அந்த நேரங்களில் ஒரு பானம் வாங்கியவரை மேசையிலிருந்து எழுப்பக்கூடாது. எல்லா மேசையும் வேண்டாம், நாலு மேசை போதும். மின்விசிறிக்குக் கீழே இருக்கட்டும், கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் அதே நாலு மேசையில் உட்காரட்டும், பாட்டிகளுக்கு எதிரில் உட்கார்ந்தால் அவர்களுக்குக் கணக்கு வராமல் போய்விடாது. தள்ளுபடி கொடுப்பதானால் இதற்கும் சேர்த்துக் கொடுங்கள். தவுக்கேக்கள் நஷ்டப்பட்டு நமக்கு நாற்காலி போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பானம் விற்கும் இடத்தில் ஒரு மனிதர் நிற்கட்டும். திரையைத் தொட்டு ஆர்டர் கொடுக்கும் இயந்திரம் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது மட்டுமே என்று ஆகிவிட வேண்டாம். அம்மா அந்தத் திரையில் ஒருமுறை மூன்று கோப்பி கேட்கப் போய் மூன்று ஐஸ் மைலோ வந்தது. மூன்று பேரும் குடித்தார்கள், மக்சிக்குக்கு இரண்டு நாள் இருமல்.

முக்கியமாக இன்னொன்று. இதைச் செய்வீர்களானால் பெயர் வைக்காதீர்கள். 'மூத்தோர் மூலை' என்று பலகை மாட்டி, சுவரில் பழைய கோப்பிக்கடைப் படம் வரைந்து, அமைச்சரைக் கூப்பிட்டுத் திறந்துவைத்தால் அம்மா அங்கே உட்காரவே மாட்டார். முதியவர்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் போய் உட்காரும் அளவுக்குத் தனக்கு வயதாகவில்லை என்பது அவர் எண்ணம். பழைய கடையில் அந்த ஒரு வாய்க் கோப்பிக்கு யாரும் பலகை மாட்டவில்லை. உங்களுக்கும் குத்தகைக்காரருக்கும் இடையில் ஒரு வரியாக அது இருந்தால் போதும்.

இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி நீங்கள் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருக்கிறது. அவ்வளவு தூரம் நடப்பீர்களா என்று அம்மாவைக் கேட்டேன். "எழுப்பமாட்டாங்கன்னா நடப்போம்" என்றார், மூன்று பேருக்கும் சேர்த்து.

பதில் எழுத வேண்டும் என்றில்லை. புதன், சனி இரண்டு நாளும் ஒன்பதரை மணிவாக்கில் எங்கள் பக்கம் வந்தால் நேரிலேயே பேசலாம், உங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம்தான். புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். நிற்க வைத்தால் சாய்ந்துவிடும் என்பதால் கோப்பிப் பைகளைக் கயிற்றோடு தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டியிருப்பார்கள். வரும்போது ஏதாவது வாங்கிவர நினைத்தால், அம்மாவுக்குக் கோப்பி சி கோசோங். சர்க்கரை கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முழுதாகக் குடித்துவிட்டாரா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஒரு வாய் மிச்சம் வைத்திருப்பார்.

இப்படிக்கு,
தோ பாயோவாசி ஒருவன்